மதிலா, கம்பியா, கதியாலா: வன்னி வளவில் எந்தக் கொடியை எதில் விடுவது?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எந்தப் பக்கத்து ஒழுங்கைக்குள் போனாலும் இப்போது நான்கு விதமான எல்லைகளைக் காணலாம். கையில் கொஞ்சம் காசு புழங்கும் வீட்டுக்குச் சீமெந்துக் கல் மதில். அடுத்தது காங்கிரீட் தூண் நட்டு இழுத்த முட்கம்பி. மீள்குடியேறிய காலத்துத் தகரம் இன்னும் சில வளவுகளில் துருப்பிடித்தபடி நிற்கிறது. இடையிடையே கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசுத் தடிகளை நட்டுத் தளிர்க்க விட்ட பழைய கதியால் வேலி. இந்த நான்கிலும் கொடி படர விட ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: என்ன கொடி நல்லது?

இந்தக் கேள்விக்கு ஒரே விடை சொல்ல முடியாது. பூக்கன்றுக் கடையில் பூத்து நிற்கிற கன்றைப் பார்த்து வாங்கி வந்தால், இரண்டு வருடத்தில் அது காய்ந்து போயிருக்கும், அல்லது மதிலைத் தின்றுகொண்டிருக்கும். கன்று வாங்குவதற்கு முன் இரண்டு விடயங்களைத் தீர்மானிக்க வேண்டும். கொடி எதைப் பிடித்து ஏறப்போகிறது? ஆடி ஆவணியில் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது?

தண்ணீரை முதலில் பார்ப்போம். ஆண்டு மழை 1750 மில்லிமீற்றருக்குக் குறைவான இடங்களையே உலர் வலயம் என்கிறோம். வன்னி முழுவதும் அதற்குள்தான் வருகிறது. அந்த மழையிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் இடியோடு சில மழை. வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுப் பிடித்தால் புரட்டாதி வரை காய்ந்த காற்றுத்தான். வெயில் ஒரு பக்கம் சுட, இந்தக் காற்று இலையிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். கொழும்பிலும் கண்டியிலும் மதில் நிறையப் பச்சையாய்ப் படர்ந்து நிற்கிற கொடியைப் பார்த்து இங்கே கொண்டுவந்து வைப்பவர்கள் ஏமாறுவது இந்த ஐந்து மாதத்தில்தான். இரணைமடு வாய்க்கால் ஓடும் பக்கத்து வளவுகளுக்குக் கிணற்றில் ஓரளவு நீர் நிற்கும். மேட்டுக்காணிக்காரருக்கு ஆவணியில் குளிக்கவே அளந்து அள்ள வேண்டியிருக்கும். பூநகரிப் பக்கத்திலும் கரையோரங்களிலும் நீர் இருந்தாலும் உவர். ஆகவே கொடியின் அழகைவிட, அது எத்தனை வாளி கேட்கும் என்பதே இங்கே முதல் கணக்கு.

அடுத்தது பிடிமானம். எல்லாக் கொடியும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. அவரை, பயித்தை, சங்குப்பூ, குறிஞ்சா, சீந்தில் எல்லாம் தண்டையே சுற்றிக்கொண்டு ஏறும். பாகல், கோவை, பீர்க்கு, கொடித்தோடை, முடக்கொத்தான் சுருள் விட்டுப் பிடிக்கும். சுவரோடு ஒட்டுகிற சின்ன இலை அத்திக்கொடி தண்டிலிருந்து வேர் விட்டு ஏறும். போகன்விலா எதையும் பிடிப்பதில்லை. முள்ளைக் கொழுவிக்கொண்டு மற்றதன்மேல் சாயும். கார்த்திகைப்பூ இன்னும் விசேடம்: இலையின் நுனியே நீண்டு சுருண்டு பக்கத்துக் கொப்பைப் பிடித்துக்கொள்ளும்.

பாகல் சுருள் ஒன்றைக் கிட்ட இருந்து பாருங்கள். நுனி கம்பியைத் தொட்டுச் சுற்றிப் பிடித்த பிறகு, நடுப்பகுதி தானாகச் சுருளத் தொடங்கும். இரண்டு முனையும் கட்டுண்டிருப்பதால் ஒரே திசையில் முழுவதும் சுருள வழியில்லை. நடுவில் ஓரிடத்தில் சற்று நேராக நின்று, அதற்கு அந்தப் பக்கம் எதிர்த்திசையில் சுருண்டிருக்கும். இப்படிச் சுருண்டதால் அது இழுபடவும் தளரவும் இடமுண்டு. சோளகம் அடிக்கும்போது கொடி ஆடும், சுருள் நீளும், ஆனால் அறாது. இவ்வளவு நுட்பமான பிடி மெல்லிய பொருளில்தான் நடக்கும். காங்கிரீட் தூணின் அடியில் பாகலை நட்டுவிட்டு ஏறவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை. தூணோடு ஒரு நைலோன் கயிற்றை மேலிருந்து கீழே கட்டிவிட்டால் அடுத்த கிழமையே ஏறிவிடும். வழுவழுப்பான மதிலிலும் இதே கதைதான்: சுற்றுகிற கொடிக்கும் சுருள்விடுகிற கொடிக்கும் அங்கே பிடிக்க எதுவும் இல்லை.

சீமெந்து மதிலுக்கு

மதில் கட்டியவர்கள் முன்னால் பொதுவாக இரண்டு தெரிவுகள் வரும்: ஒட்டுகிற அத்திக்கொடி, அல்லது போகன்விலா.

அத்திக்கொடி பார்வைக்கு மிக அழகு. நகத்தளவு இலைகள் சுவரில் தைத்துவிட்டது போல நெருக்கமாக ஒட்டிக்கொண்டு போகும். கம்பி வேண்டாம், கயிறு வேண்டாம். அதன் சிறு வேர்கள் பிசுபிசுப்பான ஒரு திரவத்தைக் கசிந்து ஒட்டுவதை டார்வின் 1865-இலேயே எழுதி வைத்திருக்கிறார். சிக்கலும் அந்தப் பசையில்தான் தொடங்குகிறது. ஏறிய கொடியைப் பிய்த்தால் பெயின்ற் அதோடு வரும். பூச்சு இளகியிருந்தால் பூச்சும் வரும். சுவரில் கபில நிறக் கோடுகளும் புள்ளிகளும் மிஞ்சும், கழுவினாலும் போகாது. நம் பக்கத்து மதில்கள் பெரும்பாலும் நாலு அங்குலக் கல்லில், மெல்லிய பூச்சோடு கட்டியவை. ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் வேர் அதற்குள்ளே போகும்.

இன்னொன்று, அந்தச் சின்ன இலை அதன் இளமைக் கோலம் மட்டுமே. சில வருடங்களில் சுவரின் உச்சியை அடைந்ததும் கட்டையான கிளைகள் வெளியே நீட்டத் தொடங்கும். அந்தக் கிளைகளில் இலை பெரிது, தடிப்பு. அத்திக்காய் போன்ற காயும் வரும். அந்தக் கிளைகளை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் சுவரிலிருந்து ஓர் அடிக்கு மேல் புதர் நிற்கும். மேற்கைப் பார்த்த மதிலில், ஆடி வெயிலில், நீர் குறைந்தால் தகடு தகடாகக் கருகும். வன்னியில் பெயின்ற் அடித்த கல் மதிலுக்கு இதை வைக்க வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. பூசாத கருங்கல் அணைப்பு, கிணற்றடி நிழலில் நிற்கும் பழைய சுவர் மாதிரி இடங்களில் வைக்கலாம். ஏற்கெனவே வைத்துவிட்டு எடுக்க நினைப்பவர்கள் பச்சையாகப் பிய்க்கக் கூடாது. அடியில் அறுத்துவிட்டுச் சில கிழமைகள் காய விடுங்கள். காய்ந்த பிறகு தண்டு இலகுவாகக் கழரும். மிஞ்சுகிற வேரைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்கலாம்.

போகன்விலா இதற்கு நேர் எதிர். தென்னமெரிக்காவிலிருந்து வந்தாலும் நம் வெயிலுக்கென்றே பிறந்தது போல நிற்கும். நிறமாய்த் தெரிவது பூவல்ல, பூவைச் சுற்றிய இலைகள். நடுவிலுள்ள சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. வேர் பிடித்த பிறகு இதற்கு நீர் குறையக் குறையத்தான் பூ கூடும். நாள்தோறும் ஊற்றினால் இலையும் நீட்டுக் கொப்பும்தான் வரும். மாரி முழுக்கப் பச்சையாய் நின்றுவிட்டு, மாசி பங்குனியில் நிலம் காயத் தொடங்கியதும் இலை தெரியாமல் பூத்துக் குலுங்குவது இதனால்தான். சற்று உவர் நீரையும் பொறுத்துக்கொள்ளும். கட்டாக்காலி மாடு முள்ளுக்கு விலகும். ஆடு மட்டும் இளங்குருத்தை விடாது; முதல் வருடம் மறைப்புக் கட்ட வேண்டும்.

ஆனால் போகன்விலாவை வைத்தவர் வெட்டியே ஆக வேண்டும். வெட்டாமல் விட்டால் பத்துப் பன்னிரண்டு அடிக் கொப்புகள் ஒழுங்கைக்குள் நீட்டிப் போகிற வருகிறவர் கண்ணுக்கு நேரே நிற்கும். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை நினைத்தாவது வீதிப் பக்கத்தை ஒழுங்காக வெட்ட வேண்டும். ஒரு பூப்பு முடிந்ததும் வெட்டுவதே சரியான நேரம். புதுத் தளிரில்தான் அடுத்த பூ வரும் என்பதால் வெட்டு நட்டமாகாது. தடித்த கையுறை, நீளப் பிடிக் கத்தரி இரண்டும் வேண்டும். வெட்டிய கொப்பை எரிக்காமல் காயவிட்டால், நாயும் ஆடும் நுழைகிற வேலிப் பொட்டு அடைக்க அதைவிட நல்ல முள் கிடையாது.

எந்தக் கொடியானாலும் மதிலில் நேரே சாத்த வேண்டாம். மதிலிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் விலக்கி இரும்பு ஆணிக் கொக்கி அடித்து, குறுக்கே கம்பி இழுத்து, அதில் கட்டுங்கள். இடைவெளியால் காற்றுப் போய்வரும். மாரியில் சுவர் ஈரம் பிடித்து நிற்காது, கோடையில் வெயில் இலையோடு நின்றுவிடும். மேற்குப் பக்க மதிலை இப்படி மறைத்தால், பின்னேரத்தில் முற்றத்துக்கு வருகிற வெக்கை நன்றாகக் குறையும். பெயின்ற் அடிக்க வேண்டி வந்தால் கம்பியை அவிழ்த்துக் கொடியோடு முன்னால் சாய்த்துக்கொள்ளலாம். கன்றை அடித்தளத்தோடு ஒட்டி வைக்காமல் இரண்டடியாவது தள்ளி வையுங்கள்.

காற்றுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். வெறும் மதில் தாங்குகிற காற்றை, கொடி மூடிய மதில் தாங்குமென்று சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறி வன்னியைக் கடந்து போன புரெவிப் புயலை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். நனைந்த கொடியின் பாரமும் அது பிடிக்கிற காற்றும், இடைத்தூண் குறைவாக, ஆழமில்லாத அத்திவாரத்தில் நிற்கிற மதிலைச் சாய்க்கப் போதும். ஆகவே வருடத்தில் பெரிய வெட்டு ஒன்று புரட்டாதியில், மழைக்கு முன் நடக்க வேண்டும். பூ இருந்தாலும் வெட்டுங்கள்.

இரங்கூன் மல்லிகையையும் பலர் கேட்கிறார்கள். இரவில் வெள்ளையாய் விரிந்து, அடுத்தடுத்த நாளில் ரோசாவாகிச் சிவப்பாகிற அந்தப் பூங்கொத்துக்கும் வாசத்துக்கும் யாரும் மயங்குவார்கள். ஆனால் அது பாரக் கொடி. அடியிலிருந்து புதுத் தண்டுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். படலைக்கு மேல் நல்ல இரும்பு வளைவு இருந்தால் அதில் விடலாம், மதிலில் வேண்டாம். அலமண்டா மஞ்சள் பூவுக்காக வைப்பவர்கள் அதன் பால் நஞ்சு என்பதை மறக்கக் கூடாது. ஆடு வளர்க்கிற வீட்டுக்கு அது ஒத்துவராது. மல்லிகையும் முல்லையும் மதிலை மூடாது, மூடவும் தேவையில்லை. சாமிக்குப் பூ வேண்டுமென்றால் கிணற்றடியில் ஒரு சின்னப் பந்தல் போதும், கழுவுகிற தண்ணீரே அதற்குக் காணும்.

கம்பி வேலிக்கு

முட்கம்பியும் வலைக்கம்பியும் கொடிக்கென்றே கட்டியவை போல. இங்கே போட்டி கொடித்தோடைக்கும் மரக்கறிக் கொடிகளுக்கும் இடையில்.

கொடித்தோடையில் நம் வெப்பத்துக்கு மஞ்சள் பழ வகையே பொருந்தும். இதில் பலர் தெரியாமல் விடுகிற விடயம், மஞ்சள் வகை தன் மகரந்தத்தால் தான் காய்க்காது. ஒரே கொடியிலிருந்து வெட்டி வேர்பிடிக்க வைத்த இரண்டு கன்றும் ஒன்றுக்கொன்று உதவாது. வெவ்வேறு விதையிலிருந்து வந்த இரண்டு கன்றாவது வேண்டும். பூ மத்தியானத்தை ஒட்டி விரிந்து இரவில் மூடிவிடும். அந்த நேரத்தில் வந்து மகரந்தம் சேர்ப்பது பெரிய கருவண்டுதான், சின்னத் தேனீக்குப் பூ பெரிது. கருவண்டு பட்ட மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும். காய்ந்த பூவரசங் கட்டை ஒன்றை வேலியோரம் விட்டு வைத்தால் அது நமக்குச் செய்கிற வேலைக்குக் கூலி கொடுத்தது போலாகும். வண்டு வராத வளவில் பின்னேரம் ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு மற்றக் கொடியின் பூவில் தடவி விடலாம்.

நட்டு எட்டுப் பத்து மாதத்தில் காய்க்கும். ஐப்பசியில் நட்டால் அது ஆனி, ஆடி. காய் பாரமாய்த் தொங்குகிற நேரமும் கிணறு இறங்குகிற நேரமும் ஒன்றாய் வரும். அந்த மாதங்களில் அடியில் மூடாக்குப் போட்டு ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றக்கூடியவருக்குத்தான் கொடித்தோடை. உவர் நீர் ஊற்றினால் இலை ஓரம் கருகும். காட்டோரக் கிராமங்களில் குரங்கு ஒரு பழத்தையும் விட்டுவைக்காது, அதற்கு வழி எதுவும் எனக்குத் தெரிந்து நிரந்தரமாய்க் கைகொடுத்ததில்லை. இத்தனையும் தாண்டினால், ஒரு வீட்டுக்குப் போதும் போதும் என்கிற அளவு பழம் தரும். பழுத்தது தானே விழும்; தோல் சற்றுச் சுருங்க விட்டுச் சாப்பிட்டால் புளிப்பு அடங்கியிருக்கும். காய்ப்புப் புதுக் கொடியில் என்பதால் ஒரு காய்ப்பு முடிய வெட்டி விட வேண்டும். மூன்று வருடமளவில் கொடி களைத்துவிடும், அடுத்த கன்றை அதற்கு முன்பே போட்டு வையுங்கள்.

மரக்கறிக் கொடிகளின் போக்கு வேறு. காலபோக மழையோடு, அதாவது ஐப்பசியில், விதை போட்டால் மழையே பாதி வேலையைச் செய்யும். பாகல் விதையின் தோல் தடிப்பு, ஓரிரவு ஊற வைத்துப் போட வேண்டும். இரண்டு மாதத்தில் காய் பறிக்கலாம். பிஞ்சிலேயே கடதாசி உறை கட்டாவிட்டால் பழ ஈ குத்தி மஞ்சளாக்கிவிடும். அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும், தை மாசியில் வேலி நிறையக் காய். அதில் சாறு உறிஞ்சுகிற அசுகுணிப் பூச்சி வந்தால் விடிய, பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுவது நம் வீடுகளில் வழமை. புடோலுக்குக் கம்பி வேலி உதவாது. காய் தொங்கி நீள இடம் வேண்டும், அதற்குப் பந்தல்தான். பயித்தையும் பீர்க்கும் வேலிக்குப் பிரச்சினையில்லை.

மரக்கறிக் கொடியின் குறை, பங்குனியில் அது முடிந்துவிடும். பிறகு ஐப்பசி வரை வேலி வெறுங் கம்பி. வீதியிலிருந்து பார்வை மறைய வேண்டும் என்பவருக்கு இது பயன்படாது. அதே குறைதான் அதன் பெரிய நன்மையும்: வெட்ட வேண்டியதில்லை, அடக்க வேண்டியதில்லை, காய்ந்த கொடியை இழுத்துக் குப்பைக் கிடங்கில் போட்டால் அடுத்த வருடப் பசளை. வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து மதில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன வீட்டுக்கு, வருடம் முழுக்க வளர்கிற கொடியைவிட இதையே நான் சொல்வேன்.

தகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் தகரம் ஏறுகிற சூட்டில் இளங்குருத்து தொட்ட இடத்தில் கருகும். மாற்ற வசதியில்லாதவர்கள் தகரத்துக்கு ஓர் அடி முன்னால் தடி நட்டுக் கயிறு கட்டி, மாரியில் அவரையோ சங்குப்பூவோ விடலாம்.

கதியால் வேலிக்கு

நான் மனதார விரும்புவது இதைத்தான், காரணத்தையும் சொல்கிறேன். கதியால் வேலி காற்றை மறித்து மோதவிடாமல் வடித்து விடும். சாய்ந்தாலும் ஒரு கதியால் சாயும், நாற்பதடி மதில் விழுவது போல விழாது. சீமைக்கிளுவை மண்ணில் நைதரசனைச் சேர்க்கும். குழை ஆட்டுக்கும் வயலுக்கும் ஆகும். கிளுவை கோடையில் இலையை உதிர்த்துவிட்டுப் பட்டது போல நின்று, மழைக்குத் தளிர்க்கும். எல்லாவற்றுக்கும் மேலே, இந்த வேலியில் ஏறுகிற கொடிகள் நாம் கடையில் வாங்காமலே வருகின்றவை, அவற்றில் பாதி சட்டிக்குள் போகின்றவை.

குறிஞ்சா, முசுட்டை, மொசுமொசுக்கை, தூதுவளை, முடக்கொத்தான், கோவை. வறட்சிக்கு இவற்றைப் பழக்க வேண்டியதில்லை, இந்த மண்ணில் வளர்ந்தே வந்தவை. குறிஞ்சா கோடையில் இலை குறைந்து நிற்கும், நாலு மழை விழுந்ததும் கையகல இலை விடும். இளம் இலையாகப் பறித்து, அடுக்கிச் சுருட்டி, மயிர் போல அரிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்து இறக்கினால், அந்த லேசான கசப்போடு ஒரு கோப்பை சோறு கூடப் போகும். முசுட்டை வறையும் அப்படியே. தூதுவளை முள்ளுக் கொடி, இலையிலும் முள் இருக்கும்; சளிக்கு இரசம் வைக்க வேலியிலிருந்தே பறிக்கலாம். கோவை இலையை வறுப்பவர்கள் உண்டு, சிவந்த பழத்துக்குக் கிளி வரும்.

இந்த வேலிக்கும் கட்டுப்பாடு வேண்டும். கோவையைக் கேள்வி கேட்காமல் விட்டால் ஒரு மாரியில் கதியாலின் தலையை மூடிவிடும். வெளிச்சம் படாத கதியால் மெலிந்து படும். ஒருமுறை பக்கத்து வளவு அக்காவிடம், வேலியின் இந்தப் பக்கத்தை வெட்டப் போகிறேன் என்று சொன்னேன். "வெட்டு தம்பி, ஆனா அடியிலை கிழங்கிலை கை வைச்சிடாதை, மழைக்கு அது தானா வரும்" என்றார். கோவையின் குணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மேலே எவ்வளவு வெட்டினாலும் நிலத்துக்குள் கிழங்கு இருக்கிறவரை அது சாகாது. வைத்திருக்க விரும்புகிறவருக்கு அது வரம். ஒழிக்க விரும்புகிறவர் மழையில் மண் இளகியிருக்கும்போது கிழங்கோடு தோண்டினால்தான் உண்டு. சீந்திலும் அப்படித்தான்: வெட்டிய தண்டைக் கொப்பில் தொங்கவிட்டால், அதிலிருந்து நூல் போல வேர் இறங்கி நிலத்தைத் தொட்டுப் பிழைத்துக்கொள்ளும். மருந்துக்கு ஒரு கொடி போதும், வெட்டியதை வேலியில் விட்டுப் போகாதீர்கள்.

வேலியில் தானாக வருகிற எல்லாவற்றையும் வரவேற்கவும் கூடாது. குன்றிமணிக் கொடியின் சிவப்பு விதை பிள்ளைகளின் கையைக் கவரும். கடித்துச் சப்பினால் உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைக் காய்க்கும் முன் பிடுங்கிவிடுங்கள். கார்த்திகைப்பூ மழையோடு முளைத்துச் செம்மஞ்சள் சுடராய் விரியும்போது வெட்ட மனம் வராது, வெட்டவும் வேண்டாம். ஆனால் செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். கிழங்கு வகை தோண்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் அது நிற்கக் கூடாது. ஆடு கட்டுகிற பக்கத்திலும் நிற்கக் கூடாது. பூனைக்காலியின் காயில் உள்ள சுணை உடம்பில் பட்டால் சொறிந்தே தோல் போகும். பூக்கும்போதே அறுத்துவிட வேண்டும், காய் முற்றிக் காய்ந்த பிறகு காற்று நாளில் அதைத் தொடவே கூடாது. இலையில்லாமல் மஞ்சளும் பச்சையுமான நூலாய்ப் படர்கிற கொத்தான் கதியாலின் சாற்றையே உறிஞ்சும். அது பற்றிய கொப்பை அப்படியே வெட்டி, வெயிலில் காய வைத்து எரிப்பது ஒன்றே வழி.

களைநாசினியால் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கொடியின் வேரும் கதியாலின் வேரும் ஒரே மண்ணில் பின்னிக் கிடக்கின்றன. கிணறும் பல வளவுகளில் வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. கொடுவாக்கத்தியும் மண்வெட்டியும் போதும்.

பாம்புக்குப் பயந்து கொடியே வேண்டாம் என்பவர்களும் உண்டு. பயம் வீணானதல்ல, கண்ணாடி விரியனும் நாகமும் உள்ள ஊர். ஆனால் பாம்பு ஒதுங்குவது பெரும்பாலும் அடியில் சேர்கிற சருகிலும் படர்ந்த கீழ்க் கொடியிலும். எந்த வேலியானாலும் நிலத்திலிருந்து ஒன்றரை அடி வரை கொடியை ஏற்றிக் கட்டி, அடியை வெளிச்சம் தெரியக் கூட்டி வைத்தால் ஒதுங்க இடம் இருக்காது. வெட்டும்போது முதலில் தடியால் தட்டிவிட்டுக் கையை வையுங்கள். குளவிக் கூடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எதைத் தெரிவது?

புது மதில், வேலைக்குப் போய் வருகிற வீடு, நீர் அரிது என்றால்: விலக்கிக் கட்டிய கம்பியில் ஒரே ஒரு போகன்விலா, அதுவும் படலைப் பக்கம் அல்லது மேற்குப் பக்கம் மட்டும். நாற்பதடி மதிலையும் மூட ஆசைப்பட வேண்டாம். மூடினால் வருடத்தில் பல நாள் அதற்கே போய்விடும். கம்பி வேலி, நல்ல கிணறு, மத்தியானத்தில் வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்றால் கொடித்தோடை. கம்பி வேலி இருக்கிறது, கோடையில் நீர் இல்லை என்றால் மாரி மரக்கறி. இன்னும் எல்லையே போடாத வளவு என்றால் என் பதில் தயக்கமில்லாமல் கதியால். முன்பக்கத்துக்கு மட்டும் மதில் கட்டிவிட்டு, மற்ற மூன்று பக்கமும் கதியால் நட்டு, அதில் குறிஞ்சாவும் முசுட்டையும் ஏற்றுங்கள். மதிலுக்குச் செலவாகிற காசில் பெரும்பகுதி கையில் நிற்கும்.

எல்லை வேலியில் கொடி விடும்போது பக்கத்து வளவுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் தொங்குவதை அவர் வெட்டலாம், காய்த்தால் பறிக்கலாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டால் பிறகு வாக்குவாதம் வராது. போகன்விலாவைப் பொது வேலியில் வைக்கவே வேண்டாம். முள்ளை இந்தப் பக்கம் நட்டுவிட்டு வெட்டுகிற வேலையை அந்தப் பக்கம் தள்ளுவது நியாயமல்ல.

நடுவதற்கு ஐப்பசியில் மண் ஓர் அடி ஆழத்துக்காவது நனைந்திருக்க வேண்டும். முதல் மழையில் மேல் மண் மட்டும் ஈரமாகும், கீழே சூடு நிற்கும். மூன்று நான்கு மழை போகட்டும். குழி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். எருவும் மேல் மண்ணும் கலந்து நிரப்புங்கள். பரந்தன் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கும் என்பதால் குழியைச் சுற்றி மேடாக்கி நட வேண்டும். முழங்காவில் பக்கத்துச் செம்மண்ணில் நீர் நிற்காமல் ஓடிவிடும், அங்கே பள்ளமாய் விட்டுச் சருகு மூடுங்கள். கதியாலும் இதே மாதத்தில்தான்: பெருவிரலைவிடத் தடித்த, ஆறடித் தடிகளாக வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, ஓர் அடி ஆழத்தில் இறுக்கி நடுங்கள். கொடியை அந்த வருடமே ஏற்ற வேண்டாம். கதியால் வேர் பிடித்து ஒரு கோடையைத் தாண்டட்டும், அடுத்த மாரியில் குறிஞ்சாத் தண்டை அதன் அடியில் வையுங்கள்.